மின்னணு திராட்டில் கோளாறு: கண்டறிதலும் பழுதுநீக்கமும்

மின்னணு திராட்டில் கட்டுப்பாடு என்பது, காரின் எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் அளவை உணரிகள், கணினி, சிறு மின்மோட்டார் ஆகியவற்றின் வழியாக ஒழுங்குபடுத்தும் அமைப்பு ஆகும். பழைய கார்களில் ஆக்சிலரேட்டர் மிதியையும் திராட்டிலையும் ஒரு கம்பி வடம் நேரடியாக இணைத்தது. இன்றைய பெட்ரோல் கார்களில் அந்த வடம் இல்லை. ஓட்டுநர் மிதியை அழுத்துவது ஒரு வேண்டுகோள் மட்டுமே. திராட்டிலை எவ்வளவு திறப்பது என்பதைக் கணினி முடிவு செய்கிறது.

இந்த அமைப்பில் கோளாறு ஏற்பட்டால், ஓடிக்கொண்டிருக்கும் கார் திடீரென வலுவிழக்கும். மிதியை எவ்வளவு அழுத்தினாலும் மெதுவாகவே ஊர்ந்து செல்லும். பல நேரங்களில் உரிமையாளருக்குக் கிடைக்கும் விடை "திராட்டில் பாடியை மாற்ற வேண்டும்" என்பதே. ஆனால் இணைப்பியில் படிந்த களிம்பு, எலி கடித்த வயர், தளர்ந்த எர்த், வலுவிழந்த பேட்டரி, கரிப்படிவு ஆகியவையும் அதே எச்சரிக்கை விளக்கை எரியச் செய்யும். ஆகவே முறையாகச் சோதித்த பின்னரே பாகத்தை மாற்ற வேண்டும். அந்தச் சோதனை முறையை, சென்னை அடையாறு பகுதியின் சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. பட்டறைகளில் வழங்கும் திராட்டில் என்ற சொல்லே இங்குப் பயன்படுத்தப்படுகிறது.

பின்னணி

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, தொடக்ககால மாருதி 800 போன்ற கார்களில் கார்புரேட்டர் இருந்தது. மிதியின் அசைவு இயந்திர இணைப்பு மூலம் கார்புரேட்டரின் திராட்டிலைத் திறந்தது. வடம் அறுந்தாலோ இறுகினாலோ கண்ணால் பார்த்தே பழுதை அறிய முடிந்தது. மின்னணு திராட்டில் 1980களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் விலை உயர்ந்த கார்களில் இடம்பெறத் தொடங்கிப் பின்னர் சிறிய கார்களுக்கும் பரவியது.

இந்தியாவில் இதன் பரவலுக்குப் புகை உமிழ்வு விதிகள் முக்கியக் காரணமாகும். பாரத் ஸ்டேஜ் 3 விதிகள் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் 2005 ஏப்ரலிலும், பாரத் ஸ்டேஜ் 4 விதிகள் 2010 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தன. பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தன. புகையைக் குறைக்க, காற்றும் எரிபொருளும் ஒவ்வொரு நொடியும் சரியான விகிதத்தில் சேர வேண்டும். ஓட்டுநரின் காலசைவை அப்படியே பின்பற்றும் கம்பி வடத்தால் இது இயலாது. இதே விதிகளின் பகுதியாக, பழுதுகளைத் தானே பதிவு செய்து வைக்கும் ஓ.பி.டி. என்னும் அமைப்பும் கார்களில் கட்டாயமாயிற்று. இன்று பழுதைக் கண்டறிய உதவும் முதன்மையான வழி அதுவே.

இருசக்கர வாகனங்களிலும் இம்முறை வந்துவிட்டது. டி.வி.எஸ். நிறுவனத்தின் அப்பாச்சி ஆர்.ஆர். 310 வண்டி 2020ஆம் ஆண்டு முதல் மின்னணு திராட்டிலுடன் வெளிவருகிறது.

அமைப்பும் செயல்பாடும்

இவ்வமைப்பில் நான்கு முதன்மைப் பகுதிகள் உள்ளன.

1. மிதித் தொகுதி: ஆக்சிலரேட்டர் மிதியும், அது எவ்வளவு அழுத்தப்பட்டுள்ளது என்று சொல்லும் இரண்டு உணரிகளும் சேர்ந்தது.

2. எஞ்சின் கணினி: இ.சி.யு. என்று அழைக்கப்படுவது. மிதியின் நிலை, எஞ்சினின் சுழற்சி வேகம், வெப்பநிலை, ஏ.சி. இயக்கம், பிரேக் சுவிட்ச் ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு, திராட்டில் எவ்வளவு திறக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது.

3. திராட்டில் பாடி: ஏர் ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில் உள்ள உலோகக் குழல். இதன் நடுவே ஓர் அச்சில் சுழலும் வட்டத் தகடு உள்ளது. பக்கவாட்டு மூடிக்குள் சிறு மின்மோட்டார், பற்சக்கரங்கள், சுருள்வில், தகட்டின் கோணத்தைச் சொல்லும் இரண்டு உணரிகள் ஆகியவை உள்ளன.

4. வயரிங்: மேற்கண்ட மூன்றையும் இணைக்கும் வயர்கள், இணைப்பிகள், எர்த் முனைகள். பழுது தேடும்போது பலரும் கடைசியாகப் பார்ப்பது இதைத்தான்.

மோட்டாருக்கு மின்சாரம் நின்றுபோனால், சுருள்வில் தகட்டைச் சற்றே திறந்த நிலையில் நிறுத்தும். முழுவதும் மூடினால் எஞ்சின் நின்றுவிடும். அதிகம் திறந்தால் கார் பாயும். இரண்டுக்கும் இடையே, காரை ஓரம் சேர்க்கும் அளவுக்கு மட்டும் காற்று செல்லும்படி இந்நிலை அமைக்கப்பட்டுள்ளது. பட்டறைகளில் இதை லிம்ப் மோடு என்பர். ஆகவே கார் ஊர்ந்து செல்வது, கணினி சந்தேகம் கொண்டு பாதுகாப்பு நிலைக்குச் சென்றதன் அடையாளமாகும்.

டீசல் கார்களில் எஞ்சினின் வலு எரிபொருளின் அளவால் கட்டுப்படுத்தப்படுகிறது. அவற்றிலும் மிதி மின்னணு வகையே என்பதால், மிதி பற்றி இங்குக் கூறப்படுபவை இன்றைய டீசல் கார்களுக்கும் பொருந்தும்.

உணரிகள் ஏன் இரட்டை?

ஒரே ஓர் உணரி இருந்தால், அது பொய் சொல்கிறதா என்று கணினியால் அறிய முடியாது. எனவே ஒரே செய்தியை இரண்டு உணரிகள் வெவ்வேறு அளவில் சொல்லும்படி வைக்கப்படுகிறது. பல கார்களில் மிதியின் இரண்டாம் உணரி, முதல் உணரி காட்டும் மின்னழுத்தத்தில் பாதியைக் காட்டும். முதல் உணரி 1.6 வோல்ட் என்றால் இரண்டாவது 0.8 வோல்ட் காட்ட வேண்டும்.

திராட்டில் பாடியில் உள்ள இரண்டு உணரிகள் பல கார்களில் எதிரெதிராகச் செயல்படும். தகடு திறக்கத் திறக்க ஒன்று ஏறும்; மற்றொன்று இறங்கும். இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஏறத்தாழ 5 வோல்ட் வரும். இந்தக் கூட்டுத்தொகையோ விகிதமோ பிசகினால், கணினி இரண்டையும் நம்பாமல் பாதுகாப்பு நிலைக்குச் செல்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு உணரிகளின் கூற்றும் பொருந்தவில்லை என்பது மட்டுமே கணினிக்குத் தெரியும். உணரி கெட்டதா, செய்தியைக் கொண்டுவரும் வயர் கெட்டதா, உணரிக்கு வரும் மின்சாரமே சரியில்லையா என்பது அதற்குத் தெரியாது. அதைக் கண்டறிவது மெக்கானிக்கின் பணி.

அறிகுறிகள்

* செக் எஞ்சின் விளக்கு எரிதல். சில கார்களில் திராட்டிலுக்கெனத் தனி எச்சரிக்கை விளக்கும் எரியும்.
* மிதியை அழுத்தியும் வேகம் எடுக்காமை.
* நின்றிருக்கும்போது எஞ்சினின் சுழற்சி ஏறி இறங்குதல், அல்லது சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் அணைந்துபோதல்.
* காரை அணைத்து மீண்டும் இயக்கினால் சரியாகி, சில நாள் கழித்துக் கோளாறு திரும்புதல்.
* மழை நாளிலோ, மேடுபள்ளத்தில் குலுங்கும்போதோ மட்டும் கோளாறு தோன்றுதல்.

கடைசி இரண்டு அறிகுறிகளும் வயர் அல்லது இணைப்பியின் மேல் சந்தேகத்தைத் திருப்ப வேண்டியவை. தேய்ந்த பாகம் பொதுவாக வானிலை பார்த்துப் பழுதாவதில்லை.

அடையாறு சூழலில் காரணங்கள்

அடையாறு வங்கக் கடலை ஒட்டிய பகுதி. பெசன்ட் நகர்க் கடற்கரையும் அடையாற்றின் முகத்துவாரமும் அருகிலேயே உள்ளன. உப்பு கலந்த ஈரக்காற்று இணைப்பிகளின் முனைகளில் மெல்லிய களிம்பைப் படியச் செய்கிறது. செப்பு வயரில் இது பச்சை நிறமாகத் தெரியும். திராட்டில் உணரிகளின் மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால், ஹெட்லைட்டைப் பாதிக்காத சிறு களிம்பும் உணரியின் அளவீட்டை மாற்றிவிடும்.

காந்தி நகர், கஸ்தூரிபா நகர் போன்ற இடங்களில் மரங்கள் அடர்ந்த தெருக்கள் உள்ளன. முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள நீர் வடியும் துளைகளைச் சருகுகள் அடைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்நீர் வழிமாறி எஞ்சின் பகுதிக்குள் சொட்டும். அடுக்குமாடிக் கட்டடங்களின் தரைத்தள நிறுத்தங்களில் நாள்கணக்கில் நிற்கும் கார்களுக்குள் எலிகள் புகுந்து வயர்களைக் கடிப்பதும் உண்டு.

எல்.பி. சாலை, சர்தார் பட்டேல் சாலை போன்ற நெரிசலான சாலைகளில் குறைந்த தொலைவு மட்டும் ஓடும் கார்களில் தகட்டின் விளிம்பில் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேரும். சற்றே திறந்திருக்க வேண்டிய இடைவெளியை இப்படிவு அடைக்கிறது. கணினி அதை ஈடுசெய்யத் தகட்டை மேலும் திறக்கிறது. ஓர் எல்லைக்கு மேல் ஈடுசெய்ய முடியாதபோது விளக்கு எரிகிறது.

வெள்ளம் தனி வகை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் பெய்த பெருமழையின்போது செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை உள்ளிட்ட பகுதிகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் நகரின் பல பகுதிகளில் கார்கள் நீரில் நின்றன. நீரில் மூழ்கிய காரில் மிதித் தொகுதியின் உணரி, தரைவிரிப்புக்குக் கீழே செல்லும் வயர்கள், இணைப்பிகள் ஆகியவை நனைகின்றன. காய்ந்த பிறகு கார் நன்றாக ஓடினாலும், உள்ளே தொடங்கிய அரிப்பு மாதங்கள் கழித்துத் திராட்டில் கோளாறாக வெளிப்படலாம். பழைய கார் வாங்குவோர் தரைவிரிப்பைத் தூக்கி, சேற்றுக் கறையும் துருவும் உள்ளனவா என்று பார்ப்பது நல்லது.

பழுதுக் குறியீடுகள்

ஸ்டியரிங்கின் கீழ்ப்பகுதியில் 16 முனைகள் கொண்ட ஓ.பி.டி. சாக்கெட் உள்ளது. இதில் ஸ்கேனரைச் செருகினால் கணினி பதிந்துவைத்த குறியீடுகளைப் படிக்கலாம். கைப்பேசியுடன் புளூடூத் மூலம் இணையும் சிறு கருவிகளும் கிடைக்கின்றன. திராட்டில் தொடர்பாக அடிக்கடி வரும் குறியீடுகள்:

* பி 2135: திராட்டிலின் இரு உணரிகளும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.
* பி 2138: மிதியின் இரு உணரிகளும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.
* பி 2122, பி 2123: மிதியின் ஓர் உணரி அளவுக்குக் குறைவாக அல்லது கூடுதலாகக் காட்டுகிறது.
* பி 2100, பி 2101: திராட்டில் மோட்டாரின் மின்சுற்றில் சிக்கல்.
* பி 2111, பி 2112: தகடு திறந்த நிலையில் அல்லது மூடிய நிலையில் சிக்கியுள்ளது.
* பி 2119: தகடு கட்டளைக்கு ஏற்ப அசையவில்லை.
* பி 2176: ஐடிலிங் நிலையைக் கணினி இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.
* பி 0641, பி 0651: உணரிகளுக்குச் செல்லும் 5 வோல்ட் மின்சாரத்தில் சிக்கல்.
* பி 0562: காரின் மொத்த மின்னழுத்தம் குறைவு.
* பி 0504: பிரேக் சுவிட்சின் இரு இணைப்புகளும் பொருந்தவில்லை.

கடைசி மூன்றும் திராட்டிலின் பெயரைச் சொல்லாதவை. இவற்றுள் ஒன்று திராட்டில் குறியீட்டுடன் சேர்ந்து வந்தால், முதலில் அதையே ஆராய வேண்டும். 5 வோல்ட் மின்சாரம் சரியில்லாதபோது திராட்டில் உணரிகள் தவறாகக் காட்டுவது இயல்பே.

கண்டறியும் முறை

1. எழுதி வைத்தல். எந்தக் குறியீட்டையும் அழிப்பதற்கு முன் அனைத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். பழுது பதிவான நேரத்தில் இருந்த வேகம், வெப்பநிலை, மின்னழுத்தம் ஆகியவற்றையும் கணினி சேமித்து வைத்திருக்கும். குறியீட்டை அழித்தால் இவையும் அழிந்துவிடும். பேட்டரியைக் கழற்றினாலும் பல கார்களில் இவை போய்விடும்.

2. பேட்டரி. எஞ்சின் அணைந்த நிலையில் நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.7 வோல்ட் வரை இருக்கும். எஞ்சினை இயக்கும் நொடியில் மின்னழுத்தம் மிகவும் சரிந்தால், திராட்டிலைத் தொடும் முன் பேட்டரியைச் சரிசெய்ய வேண்டும்.

3. எர்த். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும், மற்றதை எஞ்சினின் வெற்று உலோகத்திலும் வைத்து, எஞ்சினை இயக்கும்போது பார்க்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரின் முனைகளைக் கழற்றித் துலக்கி இறுக்க வேண்டும்.

4. கண்ணால் பார்த்தல். எலி கடித்த தடம், உரசித் தேய்ந்த வயர், இணைப்பியில் ஈரம், பச்சைக் களிம்பு, உடைந்த பூட்டு ஆகியவற்றைத் தேட வேண்டும். மிதியின் கீழே தரைவிரிப்பு சிக்கியுள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

5. நேரடித் தரவு. எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் ஆன் நிலையில் வைத்து, மிதியை மெல்ல அழுத்தி மெல்ல விட வேண்டும். ஸ்கேனரில் இரு உணரிகளின் அளவுகளும் தாவாமல், விகிதம் மாறாமல் ஏறி இறங்க வேண்டும்.

6. அசைத்துப் பார்த்தல். ஒருவர் ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றொருவர் வயர்களை ஒவ்வோர் அங்குலமாக மெல்ல அசைக்க வேண்டும். அளவு தாவும் இடத்தில் பழுது உள்ளது. விட்டுவிட்டு வரும் கோளாறுகளைப் பிடிப்பதற்கு இதைவிட எளிய சோதனை இல்லை.

இரு திராட்டில் உணரிகளுக்கும் ஒரே 5 வோல்ட் வயரும் ஒரே எர்த் வயரும் உள்ள கார்களில், கூட்டுத்தொகையை வைத்தே பழுதின் இடத்தை ஊகிக்கலாம்:

* ஓர் உணரியின் அளவு மட்டும் மாறினால், அந்த உணரி அல்லது அதன் வயர்.
* இரண்டும் சேர்ந்து குறைந்து, கூட்டுத்தொகை 5க்குக் கீழே போனால், 5 வோல்ட் வயர்.
* இரண்டும் சேர்ந்து ஏறி, கூட்டுத்தொகை 5க்கு மேலே போனால், எர்த் வயர்.

புதிய கார்கள் சிலவற்றில் உணரிகள் மின்னழுத்தமாக அல்லாமல் எண்முறைச் செய்தியாக அனுப்புகின்றன. அவற்றில் மல்டிமீட்டர் அளவீடு பொருள் தராது. ஸ்கேனரையே நம்ப வேண்டும். எந்தக் காரிலும் அந்த மாதிரிக்குரிய சர்வீஸ் கையேட்டின் அளவுகளே இறுதியானவை.

ஒரு மாதிரிக் கணக்கு

மேற்கண்டதை ஒரு கணக்காகப் பார்க்கலாம். இந்திரா நகரில் ஒரு பெட்ரோல் கார் மழைக்காலத்தில் மட்டும் லிம்ப் மோடுக்குச் செல்கிறது எனக் கொள்வோம். குறியீடு பி 2135. பேட்டரியும் எர்த்தும் சரியாக உள்ளன.

மிதியைத் தொடாதபோது முதல் உணரி 0.9, இரண்டாவது 4.1 வோல்ட், கூட்டுத்தொகை 5.0. மிதியைச் சிறிது அழுத்தினால் 1.8, 3.2; கூட்டுத்தொகை 5.0. இதுவரை பிழை இல்லை. இப்போது மிதியை அப்படியே வைத்து, திராட்டில் பாடிக்குச் செல்லும் வயரை அசைத்தால் முதல் உணரி 1.8இலேயே நிற்க, இரண்டாவது மட்டும் 2.6க்குச் சரிகிறது. கூட்டுத்தொகை 4.4.

ஓர் உணரி மட்டும் மாறியதால் 5 வோல்ட் வயரும் எர்த்தும் காரணமல்ல. வயரை அசைத்தபோது மாறியதால் திராட்டில் பாடியின் உட்புறத்தைவிட வயரும் இணைப்பியுமே சந்தேகத்துக்கு உரியவை. இணைப்பியைக் கழற்றிப் பார்த்தால் ஒரு முனையில் பச்சைக் களிம்பு. அந்த முனையை மாற்றி, இணைப்பியின் ரப்பர் காப்பைப் புதுப்பித்தால் பழுது நீங்கும்.

இதே காருக்குச் சோதிக்காமல் புதிய திராட்டில் பாடி பொருத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தும்போது இணைப்பியும் கழன்று மீண்டும் செருகப்படுகிறது. அந்த உரசலிலேயே களிம்பு சற்று விலகித் தொடர்பு சரியாகிவிடும். கார் நன்றாக ஓடும். புதிய பாகம்தான் சரிசெய்தது என்று மெக்கானிக்கும் உரிமையாளரும் மனமார நம்புவர். அடுத்த மழையில் அதே குறியீடு திரும்பும்போது "புதிய பாகமும் பழுது" என்ற முடிவுக்கு வருவர். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. சோதனையில் ஒரு படி விடுபட்டது, அவ்வளவே. ஆகவே இணைப்பியைக் கழற்றும் முன்பே அசைத்துப் பார்க்கும் சோதனையைச் செய்துவிட வேண்டும்.

பழுதுநீக்கம்

துப்புரவு: கரிப்படிவு மட்டுமே காரணமானால் துப்புரவு போதும். திராட்டில் பாடிக்கெனத் தயாரிக்கப்பட்ட திரவத்தைத் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். கார்புரேட்டருக்கான கடுமையான திரவங்கள் சில தகடுகளின் விளிம்புப் பூச்சைக் கரைத்துவிடும். திரவத்தை நேரடியாக அதிகம் பீய்ச்சினால் அச்சின் வழியே மோட்டார்ப் பகுதிக்குள் செல்லக்கூடும். சாவி ஆன் நிலையில் இருக்கும்போது தகட்டுக்குள் விரலை விடவே கூடாது. மோட்டார் திடீரென மூடினால் விரல் நசுங்கும். தகட்டைக் கையால் பலமாகத் தள்ளினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பற்சக்கரம் உடையலாம்.

வயர் பழுது: கடிபட்ட வயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றுவது கடற்கரைப் பகுதியில் நீடிக்காது. பற்றவைத்தோ உரிய இணைப்பு முனை கொண்டோ சேர்த்து, சூட்டில் சுருங்கும் உறையால் ஈரம் புகாமல் மூட வேண்டும்.

பாகம் மாற்றுதல்: மோட்டாரோ பற்சக்கரமோ உணரியோ பழுது என்று உறுதியானால் திராட்டில் பாடியை முழுவதுமாக மாற்ற வேண்டியிருக்கும். பல மாதிரிகளில் உள் உறுப்புகள் தனியே கிடைப்பதில்லை. சென்னையில் புதுப்பேட்டைச் சந்தையில் பழைய பாகங்கள் கிடைக்கின்றன. வாங்கும்போது பாக எண் முழுவதும் பொருந்த வேண்டும். தோற்றம் ஒன்றாக இருந்தால் போதாது. தகடு தடையின்றித் திரும்பி, விட்டவுடன் தன் நிலைக்கு வருகிறதா, இணைப்பி முனைகளில் களிம்பு உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். அதுவும் வெள்ளத்தில் மூழ்கிய காரிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

மறுகற்பித்தல்: துப்புரவுக்குப் பின்னும், பாகம் மாற்றிய பின்னும், தகட்டின் மூடிய நிலையைக் கணினி புதிதாகக் கற்க வேண்டும். படிவை ஈடுசெய்யக் கூடுதலாகத் திறக்கப் பழகிய கணினி, சுத்தமான தகட்டையும் அதே அளவு திறக்கும். அதனால் எஞ்சின் தேவைக்கு மேல் வேகமாகச் சுழலும். சில கார்களில் சாவியைக் குறித்த நேரம் ஆன் செய்து அணைத்தால் போதும். சிலவற்றில் ஸ்கேனர் மூலமே கட்டளை தர வேண்டும். துப்புரவு செய்த பிறகு "முன்பைவிட மோசமாகிவிட்டது" என்ற புகாருக்கு, விடுபட்ட இந்தப் படியே பல நேரங்களில் காரணம்.

சாலையில் கோளாறு ஏற்பட்டால்

திரு.வி.க. பாலம் போன்ற நெரிசலான இடத்தில் கார் திடீரென வலுவிழந்தால், அபாய விளக்குகளைப் போட்டு, ஊர்ந்து செல்லும் வேகத்திலேயே இடது ஓரம் சேர வேண்டும். பின்னர் எஞ்சினை அணைத்து ஒரு நிமிடம் கழித்து இயக்கினால் பல கார்கள் தற்காலிகமாகச் சரியாகும். அதைப் பழுது நீங்கியதாகக் கொண்டு நெடும்பயணம் செல்லக் கூடாது.

அரிதாக, கார் தானாக வேகமெடுத்தால் பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்து, கியரை நியூட்ரலுக்கு மாற்ற வேண்டும். எஞ்சின் இரைந்தாலும் சக்கரத்துக்கு வலு செல்லாது. கார் நின்ற பிறகே எஞ்சினை அணைக்க வேண்டும். ஓடும்போது சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

காற்று உள்ளிழுக்கும் குழாய் வரை நீரில் மூழ்கிய காரை இயக்கிப் பார்க்கவே கூடாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால், திராட்டில் பழுதாக இருந்தது எஞ்சின் பழுதாகிவிடும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுக் காரை இழுத்துச் செல்ல வேண்டும்.

டொயோட்டா விசாரணை

மின்னணு திராட்டிலின் பாதுகாப்பு பற்றி உலக அளவில் விவாதம் எழக் காரணமானது, 2009, 2010ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் டொயோட்டா கார்கள் தாமாக வேகமெடுத்ததாக எழுந்த புகார்களாகும். தரைவிரிப்பு மிதியைச் சிக்க வைத்தல், மிதி இறுகித் திரும்ப மறுத்தல் ஆகிய காரணங்களுக்காகப் பல இலட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. மின்னணுப் பகுதியை ஆராய விண்வெளி நிறுவனமான நாசாவின் பொறியாளர்கள் அமர்த்தப்பட்டனர். 2011 பிப்ரவரியில் வெளியான அவர்களது அறிக்கை, திராட்டிலைப் பெருமளவு திறக்கவல்ல மின்னணுக் காரணம் எதையும் காணவில்லை என்றது. ஆனால் பழுதான ஒரு மிதித் தொகுதியில், வெள்ளீயப் பூச்சிலிருந்து மயிரிழைபோல் வளர்ந்த நுண்கம்பிகள் இரு உணரிகளின் சுற்றுகளையும் இணைத்துவிட்டதை அவர்கள் கண்டறிந்தனர். 2013இல் ஓக்லஹோமா மாநில நீதிமன்றத்தில், மென்பொருள் குறைபாட்டை முன்வைத்துத் தொடரப்பட்ட வழக்கில் நடுவர்குழு நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2014இல், குறைபாடுகள் குறித்து மக்களைத் தவறாக வழிநடத்தியதற்காக 120 கோடி டாலர் செலுத்த அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது.

பட்டறைக்கு இதில் ஒரு பாடம் உண்டு. இரு உணரிகளும் தனித்தனியே இருக்கும்வரைதான் இரட்டைக் காவல் பயன்தரும். பழுதான உணரியின் செய்தியை மற்ற உணரியிலிருந்து இணைத்து விளக்கை அணைப்பது போன்ற குறுக்குவழிகள், கணினி தவறை உணரும் திறனையே பறித்துவிடும். அத்தகைய வேலைக்கு உரிமையாளர் ஒருபோதும் இசையக் கூடாது.

பராமரிப்பு

ஏர் ஃபில்டரை உரிய காலத்தில் மாற்றுதல், மழைக்காலத்துக்கு முன் முன்கண்ணாடியின் கீழுள்ள சருகுகளை அகற்றுதல், எஞ்சின் பகுதியை அழுத்த நீரால் கழுவாதிருத்தல், நீண்ட நாள் நிற்கும் காரின் மூடியைத் திறந்து எலித் தடம் பார்த்தல் ஆகியவை இக்கோளாற்றைப் பெரிதும் தவிர்க்கும்.

பட்டறைக்குச் செல்லும் உரிமையாளர் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். எந்தக் குறியீடு வந்தது? பேட்டரி, எர்த், இணைப்பி மூன்றும் சோதிக்கப்பட்டனவா? உணரிகளின் அளவு எவ்வளவு காட்டியது? இவற்றுக்கு எண்களுடன் விடை தரும் மெக்கானிக் பாகத்தை மாற்றச் சொன்னால் அதை நம்பி மாற்றலாம்.